மூன்று மாதம் வகுப்பை யார் பார்ப்பது? தமிழ்ப்பள்ளிகளில் மாற்றாசிரியர்களின் பணியும் சிக்கல்களும்

காலை மணி ஏழு. பள்ளி தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. நிர்வாகத் துணைத்தலைமையாசிரியரின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. இரண்டாம் ஆண்டு ஆசிரியருக்குக் காய்ச்சல், மருத்துவ விடுப்பு. நான்காம் ஆண்டு ஆசிரியர் அன்று மாவட்ட அளவிலான பயிற்சிக்குப் போவது முன்பே தெரிந்த விஷயம். ஆக, இரண்டு வகுப்புகளுக்கு ஆள் இல்லை. துணைத்தலைமையாசிரியர் கால அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு, யாருக்கு எந்தப் பாடவேளை ஓய்வாக இருக்கிறது என்று தேடத் தொடங்குகிறார்.

பள்ளி முடிந்து வீடு திரும்பும் பிள்ளை, "இன்னிக்கு டீச்சர் வரலம்மா" என்று சொல்கிறது. ஒரு நாள்தானே என்று பெற்றோர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதில் தவறும் இல்லை. ஆனால், அந்த ஆசிரியர் மூன்று மாதம் வராமல் இருந்தால் அந்த வகுப்பில் என்ன நடக்கிறது? அவருடைய இடத்தில் யார் நிற்கிறார்? அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது? இவை பெரும்பாலான பெற்றோர் கேட்காத கேள்விகள். பிள்ளையின் படிப்பைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான்.

ரிலிஃப் வேறு, மாற்றாசிரியர் வேறு

பொதுவாக 'மாற்றாசிரியர்' என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு.

முதலாவது, ஆசிரியர்கள் தங்களுக்குள் 'ரிலிஃப்' என்று சொல்வது. ஓர் ஆசிரியர் ஒரு நாளோ இரண்டு நாளோ வராதபோது, அதே பள்ளியில் பணிபுரியும் வேறோர் ஆசிரியர் தம் ஓய்வுப் பாடவேளையில் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார். மருத்துவ விடுப்பு, பயிற்சி, கூட்டம், மாணவர்களைப் போட்டி விளையாட்டுக்கோ கதை சொல்லும் போட்டிக்கோ அழைத்துச் செல்வது ஆகிய காரணங்களால் ரிலிஃப் தேவைப்படுகிறது. இதற்காக வெளியிலிருந்து யாரும் வருவதில்லை.

இரண்டாவது, நீண்ட விடுப்புக்காக வெளியிலிருந்து அமர்த்தப்படும் மாற்றாசிரியர். மகப்பேறு விடுப்பு, நெடுநாள் நோய், ஹஜ் விடுப்பு, கல்வி விடுப்பு போன்ற வேளைகளில் இவர் தேவைப்படுகிறார். இவரோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவர், காலியிடத்தை நிரப்ப ஒப்பந்த முறையில் வரும் இடைக்கால ஆசிரியர். நம் மக்கள் இவர்கள் எல்லாரையும் ஒரே பெயரில் 'தற்காலிக ஆசிரியர்' என்றுதான் அழைக்கிறார்கள்.

ஆசிரியர் இல்லாத இடத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ பள்ளி மேலாளர் வாரியமோ தாங்களாகவே ஒருவரைக் கொண்டுவந்து நிரப்பிவிட முடியாது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற ஆசிரியரோ கற்பிப்பதற்கான அனுமதி பெற்றவரோதான் பள்ளியில் பாடம் நடத்தலாம். பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் கல்வியின் தரத்துக்கும் இந்த விதி அவசியம். அதே வேளையில், மாவட்டக் கல்வி இலாகா வழியாகக் கடிதங்கள் போய்வர நாள்கள் ஆகும் என்பதையும் மறுக்க முடியாது.

90 நாள் என்றால் எவ்வளவு?

அரசாங்கப் பணியில் இருக்கும் ஆசிரியைக்கு ஒரு பிரசவத்துக்கு 90 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு. அது அவருடைய உரிமை. தாயும் குழந்தையும் நலமாக இருப்பதற்காகத் தரப்படும் அந்த விடுப்பைப் பற்றி யாரும் முணுமுணுக்கத் தேவையில்லை. ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கும் நாட்டில், இது ஆண்டுதோறும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. பிரசவம் திடீரென்று வருவதில்லை. பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.

இந்த 90 நாளை வகுப்பறைக் கணக்கில் பார்ப்போம். 90 நாள் என்பது ஏறக்குறைய 13 வாரம். இடையில் பள்ளி விடுமுறை வராவிட்டால், 64 பள்ளி நாள்கள். ஓராண்டில் குறைந்தது 190 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால், அந்த ஆண்டுப் படிப்பில் மூன்றில் ஒரு பங்கு மாற்றாசிரியரின் கையில் இருக்கிறது. அவர் இரண்டு வாரம் தாமதமாக வந்தால், அந்தப் பத்து நாளும் ரிலிஃபில்தான் ஓடும்.

முதலாம் ஆண்டு வகுப்பில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். பிள்ளைகள் உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் கடந்து உயிர்மெய் வரிசைக்குள் நுழையும் நேரத்தில்தான் சிலர் தடுமாறத் தொடங்குவார்கள். கொம்பும் காலும் குழம்பும். 'கொ' எது, 'கெ' எது என்று தெரியாமல் விழிப்பார்கள். அதே நேரத்தில் தேசிய மொழியையும் ஆங்கிலத்தையும் ரோமன் எழுத்தில் படிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் வகுப்பு கைமாறினால், நன்றாகப் படிக்கும் பிள்ளை எப்படியாவது சமாளித்துக்கொள்ளும். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளை பின்தங்கிவிடும்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு அகற்றப்பட்ட பிறகு, ஆசிரியர் வகுப்பில் தொடர்ந்து கவனித்துச் செய்யும் வகுப்பறை மதிப்பீடு தொடக்கப்பள்ளியில் பிள்ளையின் அடைவுநிலையைச் சொல்வதில் முக்கிய இடம் பெறுகிறது. கவனிக்க வேண்டிய ஆசிரியரே இடையில் மாறினால், அந்த மதிப்பீட்டிலும் ஓர் இடைவெளி விழும். முன்பென்றால் ஆறாம் ஆண்டுத் தேர்வு பிள்ளையின் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்று அந்தக் குறை இடைநிலைப்பள்ளி வரை மறைந்தே போய்ச் சேரலாம்.

சிறிய பள்ளிக்குப் பெரிய சுமை

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட 'குறைந்த மாணவர் பள்ளிகள்'. ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் தொடங்கப்பட்ட இந்தப் பள்ளிகளைச் சுற்றி இருந்த குடும்பங்கள் பட்டணத்துக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. பள்ளி அங்கேயே இருக்கிறது.

பட்டணத்தில் ஆயிரம் மாணவர் படிக்கும் பள்ளியில் ஓர் ஆசிரியர் வரவில்லை என்றால், பல ஆசிரியர்களிடம் ஆளுக்கொரு பாடவேளையாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். ஆறு வகுப்பு, எட்டொன்பது ஆசிரியர் என்று இருக்கும் தோட்டப் பள்ளியில் அது நடக்காது. ஒருவர் விடுப்பு, இன்னொருவர் பயிற்சி என்றால், தலைமையாசிரியரே வகுப்பில் நிற்க வேண்டியதுதான். அல்லது இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்கார வைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சில பள்ளிகளில் குறைநீக்கல் வகுப்பு ஆசிரியரைத்தான் முதலில் ரிலிஃபுக்கு அனுப்புகிறார்கள். அவரிடம் ஐந்தாறு பிள்ளைகள்தானே இருக்கிறார்கள் என்பது கணக்கு. ஆனால், அந்த ஐந்தாறு பேரும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள். பள்ளியிலேயே ஆசிரியரின் துணை அதிகம் தேவைப்படும் பிள்ளைகள் அவர்கள். வேறொரு வகுப்பின் ஓட்டையை அடைக்கும்போது, அவர்களுடைய பாடம்தான் முதலில் போகிறது.

தோட்டத்தில் வளர்ந்த மூத்தோருக்கு ஆயாக் கொட்டகை தெரியும். தாய்மார் பால்மரம் வெட்டப் போயிருக்கும்போது, பிள்ளைகள் விழாமல் அழாமல் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அதன் வேலை அவ்வளவுதான். திட்டமில்லாத ரிலிஃப் வகுப்பும் இப்படித்தான் ஆகிவிடுகிறது. "புத்தகத்தை எடுத்துப் படிங்க, சத்தம் போடாதீங்க" என்பதோடு அரை மணி நேரம் முடிந்துவிடும். ரிலிஃபுக்கு வந்த ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. மாணவர் நோட்டுகளைத் திருத்த வைத்திருந்த நேரத்தை விட்டுவிட்டு, என்ன பாடம் நடந்தது என்றே தெரியாத வகுப்பில் அவர் நிற்கிறார்.

யார் வருகிறார்கள்?

நீண்ட விடுப்புக்கு மாற்றாசிரியராக வருபவர்களில் பல வகையினர் உண்டு. பட்டம் பெற்று நிரந்தர வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள், பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் சில மாதம் வேலை தேடும் எஸ்.டி.பி.எம். மாணவர்கள், அந்த வட்டாரத்திலேயே குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எனப் பலரும் இந்தப் பணிக்கு வந்திருக்கிறார்கள்.

தமிழ்ப்பள்ளிகளுக்கு இது புதிதல்ல. 1816ஆம் ஆண்டு பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்புதான் இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பிறகு தோட்டங்கள் பெருகியபோது, லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் பள்ளி நடந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் எல்லாத் தோட்டத்துக்கும் கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியும் கங்காணியும் பாடம் சொல்லிக்கொடுத்த தோட்டங்கள் உண்டு. நாடு விடுதலை பெற்ற பின்னரும் பல ஆண்டுகளுக்குத் தற்காலிக ஆசிரியர்கள் இல்லாமல் தமிழ்ப்பள்ளிகள் நடக்கவில்லை. அப்படி வந்தவர்களில் பலர், பள்ளி விடுமுறைக் காலத்தில் நடத்தப்பட்ட ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து, நிரந்தர ஆசிரியர்களானார்கள். பின்னர் தலைமையாசிரியர் பொறுப்புக்கு உயர்ந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

நாடு முழுவதும் ஆசிரியர் பற்றாக்குறை பேசப்பட்டபோது, 18,702 ஆசிரியர்களை ஒரே தடவையில் சிறப்பு முறையில் சேர்க்கும் திட்டத்தைக் கல்வி அமைச்சு 2021ஆம் ஆண்டு இறுதியில் அறிவித்தது. காலியிடங்களை நிரப்ப இத்தகைய திட்டங்கள் உதவும். என்றாலும், எல்லா இடங்களும் நிரம்பிய பள்ளியிலும் ஆசிரியைகள் பிள்ளை பெறுவார்கள், ஆசிரியர்கள் நோயில் விழுவார்கள். மாற்றாசிரியர் தேவைப்படாத பள்ளி என்று ஒன்று இருக்க முடியாது.

மாற்றாசிரியர் சந்திக்கும் சிக்கல்கள்

முதல் சிக்கல், வகுப்பைப் பற்றி எதுவும் தெரியாமல் உள்ளே நுழைவது. மாற்றாசிரியர் வரும் நாளில், விடுப்பில் போகும் ஆசிரியை பெரும்பாலும் பள்ளியில் இருப்பதில்லை. பாடநூலும் கால அட்டவணையும் கைக்கு வரும். எந்தப் பிள்ளைக்கு வாசிப்பு வராது, யாரை யாருடன் உட்கார வைக்கக் கூடாது, யாருக்கு இழுப்பு நோய் இருக்கிறது என்பதையெல்லாம் பாடநூல் சொல்லாது.

இரண்டாவது, படித்தது ஒன்று, நடத்துவது ஒன்று. விடுப்பில் போனவர் கணித ஆசிரியை என்றால், வருபவர் தமிழ்ப் பட்டதாரியாக இருந்தாலும் கணிதம்தான் நடத்த வேண்டும். கலைத்திட்டத் தர மதிப்பீட்டு ஆவணம், நாள் பாடத்திட்டம், அடைவுநிலைப் பதிவு ஆகியவை பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு அன்றாடச் சொற்கள். பயிற்சிக் கழகத்துக்குப் போகாதவருக்கு அவற்றைப் புரிந்துகொள்ளவே சில வாரம் தேவைப்படும். புரியத் தொடங்கும்போது பணிக்காலம் பாதி முடிந்திருக்கும்.

மூன்றாவது, 'தற்காலிகம்தானே' என்ற எண்ணம். பிள்ளைகள் இதைச் சீக்கிரம் மோப்பம் பிடித்துவிடுவார்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் முதல் வாரத்திலேயே புது ஆசிரியரின் பொறுமையைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஆசிரியர் அறையில் அவருக்கென்று ஒரு மேசை இல்லாவிட்டால், கூட்டங்களுக்கு அவரை அழைக்காவிட்டால், அந்த எண்ணம் பள்ளிக்கே உரியதாகிவிடும்.

நான்காவது, சம்பளமும் போக்குவரத்தும். மாற்றாசிரியரின் முதல் சம்பளம் ஆவணங்கள் சரியான பிறகுதான் கைக்கு வரும். அதுவரை பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் சொந்தப் பணம் வேண்டும். செம்பனைத் தோட்டத்தின் உள்ளே, பொதுப் பேருந்து போகாத செம்மண் சாலையில் இருக்கும் பள்ளி என்றால், மோட்டார் சைக்கிளோ காரோ இல்லாதவர் அந்தப் பணியை ஏற்கவே முடியாது. இதனால், ஆசிரியர் அதிகம் தேவைப்படும் பள்ளிக்கே மாற்றாசிரியர் கிடைப்பது அரிதாகிறது.

ஐந்தாவது, பணி முடியும் தேதி. பிள்ளைகள் பழகி, பாடம் ஓடத் தொடங்கிய நேரத்தில் அவர் விடைபெற வேண்டும். அடுத்த வேலை எங்கே, எப்போது என்பதற்கு உறுதி இல்லை. நன்றாகப் பாடம் நடத்தினார் என்பதற்காக நிரந்தர ஆசிரியர் பணி தானாக வந்துவிடாது. அதற்குரிய கல்வித் தகுதியும் விண்ணப்பமும் நேர்முகத் தேர்வும் தனி. மாற்றாசிரியர் பணியை ஏற்கும் இளைஞர்கள் இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துவைத்திருப்பது நல்லது. பணி தொடங்கும் தேதி, முடியும் தேதி, சம்பளம் கணக்கிடப்படும் முறை, ஊழியர் சேமநிதிச் சந்தா உண்டா இல்லையா ஆகியவற்றை நியமனக் கடிதத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். கடிதம் கைக்கு வராமல் வாய்ச்சொல்லை நம்பி வேலையைத் தொடங்குவது பின்னர் சிக்கலைத் தரும்.

ஒரு கோப்பு போதும்

மேலே சொன்ன சிக்கல்களில் பலவற்றுக்குத் தீர்வு கல்வி இலாகாவின் கையில் இருக்கிறது. ஆனால், முதல் சிக்கலுக்கு ஒவ்வொரு பள்ளியும் தானே தீர்வு காணலாம். அதற்குத் தேவை ஒரு கோப்பு.

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு 'கைமாற்றுக் கோப்பு' இருந்தால், யார் எந்த நாளில் உள்ளே வந்தாலும் பாடம் நின்ற இடத்திலிருந்து தொடரும். அதில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. கால அட்டவணை, பிள்ளைகள் உட்காரும் வரிசை, ஒவ்வொரு பாடத்திலும் எந்த அலகு வரை முடிந்திருக்கிறது என்ற குறிப்பு, அடுத்த சில வாரங்களுக்கான பாடத்திட்டம் ஆகியவை முதல் பகுதி. சரளமாக வாசிப்பவர் யார், எழுத்துக் கூட்டிப் படிப்பவர் யார், எந்த எழுத்து வரிசையில் நிற்கிறார் என்ற பட்டியல் இரண்டாம் பகுதி. நோய், ஒவ்வாமை, துணை உணவுத் திட்டத்தில் சாப்பிடும் பிள்ளைகள், யார் வேனில் போகிறார், யாரை யார் வந்து அழைத்துச் செல்வார் என்ற விவரம் மூன்றாம் பகுதி. அது பிள்ளைகளின் சொந்த விவரம் என்பதால், கோப்பு பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாது.

ஒரு நாள், இரண்டு நாள் ரிலிஃபுக்கும் இதே கோப்பில் பத்துப் பயிற்சித் தாள்களைத் தயாராக வைக்கலாம். வாசிப்புப் பத்தி ஒன்று, சொல் விளையாட்டு ஒன்று, கணக்கு ஒன்று என்று இருந்தால், எந்த ஆசிரியர் வந்தாலும் அரை மணி நேரம் வீணாகாது.

மகப்பேறு விடுப்பைப் பொறுத்தவரை இன்னொரு வழியும் உண்டு. விடுப்பு தொடங்கும் தேதி ஓரளவு முன்பே தெரியும் என்பதால், மாற்றாசிரியராக வரக்கூடியவர் யார் என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்கலாம். பள்ளி வட்டாரத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், பட்டதாரிகள் ஆகியோரின் பட்டியலைத் தலைமையாசிரியர் கையில் வைத்திருந்தால், விண்ணப்பத்தை அனுப்பும் நாளிலேயே பெயரையும் சேர்த்து அனுப்பலாம். அந்தப் பட்டியலைத் தயாரிப்பதில் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னாள் மாணவர்களும் உதவ முடியும். தோட்டப் பள்ளி என்றால், தங்குவதற்கு ஓர் அறை, போய்வர ஒரு வாகனம் என்று ஏற்பாடு செய்து தருவதும் அவர்களால் முடிந்த காரியம்தான்.

பெற்றோர் செய்யக்கூடியது

பிள்ளையின் ஆசிரியர் மாறியிருக்கிறார் என்று தெரிந்தவுடன், வாரத்துக்கு ஒரு முறையாவது பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்ப்பது முதல் வேலை. கடைசியாகத் திருத்தப்பட்ட பக்கம் எது, பாடம் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும். படிப்பறிவு குறைந்த பெற்றோரும் இதைச் செய்யலாம். பிள்ளையை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். தடுமாறினால், எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று ஆசிரியரிடம் சொல்லலாம். வீட்டிலிருந்து வரும் அந்தத் தகவல், வகுப்புக்குப் புதிதாக வந்தவருக்குப் பெரிய உதவி.

புது ஆசிரியரைப் பார்த்ததும், "பழைய டீச்சர் எப்ப வருவாங்க?" என்று கேட்பது பலரின் வழக்கம். பிள்ளையின் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டால், இவர் சொல்வதைக் கேட்கத் தேவையில்லை என்று பிள்ளை புரிந்துகொள்ளும். அதற்குப் பதிலாக, "எம்பிள்ளைக்கு வாசிக்க வராது டீச்சர், கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொன்னால் பேச்சு வேறு விதமாகப் போகும். மூன்று வாரம் ஆகியும் வகுப்புக்கு ஆசிரியரே வரவில்லை என்றால், புலனக் குழுவில் குறைகூறிக்கொண்டிருப்பதால் பயனில்லை. தலைமையாசிரியரை நேரில் பார்த்து, விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். தேவைப்பட்டால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுதலாம்.

கோப்பு திரும்பி வர வேண்டும்

விடுப்பு முடிந்து பழைய ஆசிரியை வகுப்புக்குத் திரும்புகிறார். மாற்றாசிரியர் விடைபெறுகிறார். பிள்ளைகள் கையால் செய்த வாழ்த்து அட்டையைக் கொடுத்து அனுப்புவார்கள். சில வகுப்புகளில் அழுகையும் இருக்கும். அத்தோடு முடிந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், அந்த 64 நாளில் எந்தப் பிள்ளை முன்னேறியது, எது நின்றது என்பது மாற்றாசிரியருக்கு மட்டுமே தெரியும். அவர் எழுதி வைக்காமல் போனால், திரும்பி வரும் ஆசிரியை மீண்டும் இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

ஆகவே, போகும்போது கைக்கு வந்த அதே கோப்பு, வரும்போதும் நிரப்பப்பட்டு ஆசிரியையின் கைக்கு வர வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வரி போதும். 'நெடில் வரிசை வந்துவிட்டது, கொம்பெழுத்தில் இன்னும் தடுமாறுகிறார்' என்ற ஒரு குறிப்பு இருந்தால், அந்தப் பிள்ளையின் பாடம் மறுநாள் காலையே சரியான இடத்தில் தொடங்கும்.